டிக்கிக்குள் ஊதுபத்தி

அப்போது எங்கள் பக்கம் கார் வைத்திருந்தவர்களே குறைவு. காருக்குள் ஸ்பீக்கர் பெட்டி கேட்டவர் ஒருவர்தான். பிள்ளைப்பாக்கம் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தார். மஸ்கட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெரிய ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு, ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்த என் பட்டறைக்கு வந்தார். சினிமாக் கொட்டகை மாதிரி அதிர வேண்டும் என்றார்.

நான் தச்சு வேலைக்காரன். மைக் செட்டுக்காரர்களுக்குப் பெட்டி செய்து பழக்கம். மெல்லிய பலகை தானும் சேர்ந்து பாடும், ஆகாது. கனமான பிளைவுட் போட்டேன். உள்ளே இலவம் பஞ்சு. அதைப் பிடி பிடியாக எடுத்தும் வைத்தும் பாட்டுப் போட்டுக் கேட்டேன். பஞ்சு கூடினால் சத்தம் செத்துப்போகும். குறைந்தால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். மூட்டில் காற்றுக் கசிந்தாலும் கெட்டது. அதைப் பார்க்க எங்கள் வழி ஊதுபத்தி. பாட்டு ஓடும்போது மூட்டு ஓரமாகப் பிடித்துக்கொண்டே போவோம். காற்று வருகிற இடத்தில் புகை துள்ளும்.

பெட்டி நன்றாகவே வந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, தண்டலத்தில் டாங்கு நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, நேராகப் பட்டறைக்கு வந்தார். பின் சீட்டில் அவர் மனைவி. நிறைமாதம். ஏறி இறங்க முடியவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றது அந்த அம்மா. சூளை ரோட்டில் பெட்டி ஆடுகிறதென்று லாரி மெக்கானிக் ஒருவன் அதை டிக்கித் தரையோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டானாம். அதிலிருந்து புர்ரென்று ஒரு சத்தம் வருகிறது என்றார்.

மூட்டு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். பாட்டைப் போடச் சொன்னேன். பட்டறை வாசல் மேட்டில் முன் சக்கரம் ஏறி, காரின் பின்பக்கம் சரிந்து நின்றது. ஊதுபத்தி பற்றவைத்து டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்தேன். மேல் மூட்டு சரி. பக்க மூட்டும் சரி. பெட்ரோல் வாசனை அடித்தது. அம்பாசடரில் எப்போதும் அடிக்கிறதுதான். கீழ் மூட்டைப் பார்க்கக் குனிந்தேன். ஊன்றிய இடது கை நனைந்தது.

பின்பக்கத் திருகாணியைச் சுற்றிப் பெட்ரோல். பாட்டின் ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சம் கொப்பளித்தது. தரைக்குக் கீழே டாங்கு. திருகாணி தகட்டைத் துளைத்து அதில் இறங்கியிருந்தது; புர்ரென்ற சத்தமும் அதுதான்.

நெருப்பு என் வலது கையில். ஒரு சாண் தூரம்.

வெளியே எறிய முடியாது. கீழெல்லாம் இழைப்புச் சுருள். நெருப்பை உள்ளங்கைக்குள் வைத்து மூடினேன். சுட்டது தெரியவில்லை.

முன் சீட்டிலிருந்து அவர் கேட்டார். "இன்னா மேஸ்திரி, கண்டுபிடிச்சிட்டியா? செட்ட நிறுத்தட்டா?"

சுவிட்சைத் திருகும்போது பொறி பறந்த செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். டிக்கியிலிருந்து தலையை எடுத்துக் கத்தினேன்.

"எதுலயும் கை வைக்காத சார். சாவியத் தொடாத. பெட்ரோல் ஒழுவுது. அம்மாவ இறக்கு."

அவர் கீழே குதித்தார். பின் கதவைத் திறந்து அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா இழுங்க. நா இன்னா அரிசி மூட்டையா?"

பெட்ரோல் ஒழுகுவதில் என்ன ஆபத்து என்று அந்த அம்மாவுக்கு உறைக்கவில்லை. செருப்பைத் தேடியது. வேண்டாம் என்று ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். ரோட்டைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்க நின்றது. பின்னால் தும், தும் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடிக்கும் கண்ணை மூடினேன். இந்த இடியில் போய்விடும், இந்த இடியில் போய்விடும் என்றே இருந்தது.

எதிர்ப்பக்கம் வெகுதூரம் தள்ளி உட்காரவைத்தோம். போய் நிறுத்தட்டுமா என்று அவர் மறுபடி கேட்டார். வேண்டாம், கேசட் முடியட்டும் என்றேன். அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. உதடு மட்டும் அசைந்தது.

சந்தோஷமான பாட்டுகள். ஒன்று முடியும், இதுதான் கடைசி என்று நினைப்போம், இன்னொன்று தொடங்கும். கடைசியில் நின்றது. நின்ற பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஆள் கூப்பிட்டுக் காரைச் சமதளத்துக்குத் தள்ளினோம்; கொப்பளிப்பது நின்றது. திருகாணியைக் கழற்றி ஓட்டையில் துணி சோப்பைப் பிசைந்து அடைத்தேன். இனி பயமில்லை, ஏறு என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நீ ஓட்டிக்கினு போ. நா பஸ்ல வரேன்," என்றது அந்த அம்மா.

பஸ் வந்தது. காரை என் பட்டறையிலேயே விட்டுவிட்டு அவரும் பின்னாலேயே ஏறினார்.