எந்தச் சத்து?

என் அக்காவின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துணித் தொழிற்சாலையில், இஸ்திரி மேசையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்த கை அது. பெட்டி எவ்வளவு சூடு என்று பார்க்க மற்றவர்கள் தண்ணீர் தெளிப்பார்கள். அவள் விரலைப் பக்கத்தில் கொண்டுபோய், "இது பட்டுக்கு ஆகாது, பருத்திக்குப் போடு" என்பாள். துணியைத் தடவியே எங்கே சுருக்கம் என்று கண்டுபிடிப்பாள். அங்கே அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அப்பா அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்கவைத்தாள். யாராவது அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால், "இவனைக் கட்டி மேய்க்கவே எனக்கு நேரம் போதல" என்று வாயை அடைத்துவிடுவாள்.

படித்து நான் என்ன கிழித்தேன்? மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். தெருவில் பாதிப் பேர் டாக்டரிடம் போகாமல் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. அக்கா மட்டும், "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. நீ இப்ப எத்தனையாவது ஆள்ல இருக்கே?" என்று கிண்டல் செய்வாள்.

எங்கள் கடையில் ஒரு சொல் உண்டு, சத்து மாத்திரை. களைப்பா, சத்து மாத்திரை. முடி கொட்டுகிறதா, அதற்கும் சத்து மாத்திரை. கேட்பவருக்கும் எந்தச் சத்து என்று தெரியாது, கொடுக்கிற நாங்களும் கேட்க மாட்டோம். இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த சிவப்பு மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்துப் போடுவோம், அவ்வளவுதான்.

அக்காவுக்கும் அதையேதான் கொடுத்தேன். "படியேறினா மூச்சு வாங்குதுடா. காலும் மதமதன்னு இருக்கு" என்றாள் ஒருநாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "உன் உடம்புல சத்தே இல்லக்கா" என்றேன். இருந்தால்தானே ஆச்சரியம்! காலையில் டீயும் பன்னும், மத்தியானம் மிச்சம் மீதி. முட்டை, மீன், பால் எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவாள். கேட்டால் நெஞ்செரிச்சல், ஆகாது என்பாள். அந்த நெஞ்செரிச்சலுக்கும் பதினோரு வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை கொடுத்து வந்தவன் நான்தான்.

இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்தது, மூச்சு வாங்குவது நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மதமதப்பு மட்டும் போகவில்லை. "நாள் பூரா நின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஒரு சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லையாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் இஸ்திரி மேசைப் பக்கம் கருகல் நாற்றம். எல்லோரும் துணிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அக்காவும் குனிந்து, "யாரு துணியைப் பொசுக்கினது?" என்று தேடியிருக்கிறாள். பெட்டியின் விளிம்பில் பொசுங்கிக்கொண்டிருந்தது அவளுடைய விரல். அவளுக்கு அது தெரியவே இல்லை.

நரம்பு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். குறைந்திருந்தது பி பன்னிரண்டு என்கிற வைட்டமின். முட்டை, பால், மீன், கறி இவற்றில் இருப்பது. அக்காவின் தட்டில் அது ஏறக்குறைய இல்லை. உள்ளே போன கொஞ்சத்தையும் நெஞ்செரிச்சல் மாத்திரை உடம்பில் சேரவிடவில்லை. சிவப்பு மாத்திரை ரத்தத்தை மட்டும் தேற்றிவிட்டு, குறையை வெளியே தெரியாமல் மூடிவிட்டது. நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"சத்து மாத்திரைன்னா எந்தச் சத்துங்க? இதையெல்லாம் யார் குடுத்தது?" என்றார் டாக்டரம்மா.



"நானேதாங்க கடையில வாங்கிப் போட்டேன். இவன் வேணாம்னுதான் சொன்னான்" என்றாள் அக்கா.

இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை.

"அந்தச் சத்தை ஊசியாப் போட்டா கை திரும்புமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டேன்.

"இனிமே கெடாது. போனதுல எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. ஆறு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள வரலைன்னா, அப்புறம் பெருசா எதிர்பார்க்காதீங்க."

தொழிற்சாலை மேற்பார்வையாளரும் ஆறு மாதம் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். விரலில் உணர்ச்சி வந்தால் மேசை, வராவிட்டால் வீடு.

ஊசியை ஒரு நர்ஸ் போட்டார். முட்டையும் பாலும் இப்போது என் கண் முன்னால்தான் அவள் சாப்பிட வேண்டும். கடையில் யாராவது சத்து மாத்திரை கேட்டால், "எந்தச் சத்து? ரத்தம் பார்த்தீங்களா?" என்று நானும் கேட்கிறேன். "ரொம்பத்தான் அலட்டிக்கிறான்" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொடுவேன். தெரிந்தால் சொல்ல வேண்டும். முதல் தடவை பத்து விரலையும் தொட்டு முடித்தேன், அவள் வாயே திறக்கவில்லை. "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாள். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படித்தான். நான் அழுவது குழாய்ச் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு மாதம் முடிந்தது. அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றாள். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பேனா மூடி இறுகிப்போய் வர மறுத்தது. திருகிக்கொண்டிருந்தேன்.

"தெரியுதுடா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "சுண்டு விரல்தானே? நல்லாவே தெரியுது."

நான் இன்னும் தொடவே இல்லை.