வெடிக்குப் பழகின நாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஆறு வருஷமாக ஜெபத்தில் வைத்திருந்தேன். எழுதினால் என் கையும் இதில் இருப்பது தெரிந்துவிடுமே என்ற கூச்சம்தான்.

திருத்தங்கலில் மூன்று வீட்டு நாய்களைக் காலையும் சாயங்காலமும் நடத்திக் கூட்டிப்போவது என் பிழைப்பு. பட்டாசு மருந்து கையைப் புண்ணாக்கியதால் கம்பெனியை விட்டு இதற்கு வந்தேன். சபையில் பெண்கள், "ஏக்கா, நாய்க்கு ஆயா வேலையா பாக்கீக?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதுவும் கர்த்தர் படைத்த ஜீவன்தானே.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மூன்றில் ஒன்று பட்டாசு முதலாளி வீட்டு லேப்ரடார். சீசனுக்கு முன்னால் வெளிமாநில வியாபாரிகள் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சாம்பிள் பார்க்க வந்தார்கள். முதல் வெடிக்கே நாய் காருக்கு அடியில் புகுந்து மூத்திரம் விட்டது. வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் செத்துப்போனது.

மறுநாள் கூப்பிட்டார். "ஏம்மா, இனிமே சாயங்காலம் பொட்டல்லதான் வாக்கிங். பயலுக வெடிப்பானுக, நீ செயினைப் பிடிச்சுக்க. தன்னால பழகிரும்."

"வாயில்லாச் சீவன்யா, நடுங்குமே."

"நீங்கள்லாம் பழகலையா? அம்புட்டுத்தான்."

பிடித்தேன். பத்தடி தள்ளி அணுகுண்டு வெடிக்கும். நாய் என் முழங்காலுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு மண்ணைப் பிராண்டும். என் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அதன் காதில் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் நடுக்கம் நின்றுவிட்டது. வெடிக்க வெடிக்கப் புல்லை மோந்துகொண்டிருந்தது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த நாள் காலை ரோட்டோரம் போகும்போது பின்னால் லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நாய் பாட்டுக்கு நடுரோட்டுக்கு இழுக்கிறது. நான் கத்துகிறேன், திரும்பவில்லை. செயினைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அப்புறம் அதன் பின்னால் நின்று கைதட்டினேன், பிஸ்கட் டப்பாவை ஆட்டினேன். காது அசையவே இல்லை.

நேராக முதலாளியிடம் போனேன். "ஐயா, இது பழகலை. செவிடாயிருச்சு. டாக்டர்ட்ட காட்டுங்க."

"வெளிய சொல்லிட்டு அலையாதம்மா. பயப்படலைல்ல? அதானே வேணும்."

அன்றோடு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. அவரோ வருகிறவர்களிடமெல்லாம் வெடி போட்டுக் காட்டி, எங்க வீட்டு நாய் அசையாது பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழக்கியவள் நான் என்று ஊரில் பேராகிவிட்டது.

போன வாரம் ஒரு வீட்டம்மா நாலு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, நீங்க வெடிக்குப் பழக்குவீகளாமே? தீபாவளிக்குள்ள இதையும் பழக்கிக் குடுங்க." அவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். குட்டியின் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

இதை வாசிக்கிற நீங்கள் நாய் வளர்க்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, மிரட்டினதால் பிடித்தாள் என்று சேர்க்க வேண்டாம். அவர் மிரட்டவில்லை. சொன்னார், பிடித்தேன். அந்த நாய் செவிடானது. இருக்கிறபடியே சொல்லுங்கள்.