கறுப்பு மூஞ்சி ஆடு

சுவர்த்தாள் உரிக்கிற வேலையை போடில் யாரிடமும் விடமாட்டாள். அறுபதை நெருங்கியும் பிடிவாதம் குறையவில்லை. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு இழுத்தால், பூப்போட்ட தாளுக்கு அடியில் பழைய செய்தித்தாள் வரும். குளிருக்காக அதை ஒட்டி, அதன்மேல்தான் ஸ்கோட்போர்க் வீடுகளில் சுவர்த்தாள் ஒட்டுவார்கள்.

அன்று, தான் பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்தில் உரித்த இடத்தில் ஒரு பொடி விளம்பரம். "கறுப்பு மூஞ்சி ஆடு ஒன்று வையென் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உரியவர் வந்து ஓட்டிப் போகவும்."

போடில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்பு மூஞ்சி என்பது, இளவயதில் தான் காதலித்த நிஸ்ஸுக்கு அவள் வைத்த பேர். கொல்லுப்பட்டறைக்காரன், எத்தனை கழுவினாலும் முகத்தில் கரி போகாது. முதல் உலகப் போர் சமயத்தில் ஆற்றுக்குத் தென்கரை, ஸ்கோட்போர்க்கும் சேர்த்து, ஜெர்மன்காரன் கையில் இருந்தது. டேனிஷ் பேசுகிற பையன்களை, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைக்குக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. விடுப்பில் வந்த நிஸ் திரும்பிப் போகமாட்டேன் என்றான். ஆற்றைத் தாண்டினால் வையென், டென்மார்க்.

"கடுதாசி போட்டா பிரிச்சுப் படிப்பானுங்க. அக்கரை பேப்பர்ல ஆடு வந்திருக்குன்னு விளம்பரம் குடுக்கறேன். பாத்ததும் நீயும் எப்படியாவது கிளம்பி வந்துடு."

"கறுப்பு மூஞ்சி ஆடுன்னு போடு. இல்லேன்னா வேற நல்ல ஆடா பாத்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்," என்றாள் போடில்.

"போவடி, போவ!" என்று சிரித்துவிட்டு, வெள்ளம் ஓடுகிற ஆற்றில் இறங்கினான்.

அக்கரைப் பத்திரிகை வைத்திருந்தால் ஜெயில். ஆனாலும் விலாங்கு மீன் விற்கிற மாரென் அதில் மீனைச் சுற்றிக் கொண்டுவருவாள். படித்த கையோடு சுவரில் ஒட்டி மறைத்துவிடுவார்கள். நிஸ் போன சில நாள் கழித்து, அப்பா கூடத்துக்குச் சுவர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். மாரென் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போன மறுநிமிஷம், நிஸ்ஸைத் தேடிப் போலீஸ் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது.

"படிக்கறதுக்கெல்லாம் நேரமில்லடி, ஒட்டு!" என்றார் அப்பா.

போடில்தான் ஒட்டினாள். மேலே பூத்தாளையும் ஒட்டி அழுத்தித் தேய்த்துவிட்டாள். சோதனை போட வந்த ஒருவன் ஈரச் சுவரில் சாய்ந்து கோட்டெல்லாம் பசையாக்கிக்கொண்டான். அதைச் சொல்லிச் சொல்லி வாழ்நாளெல்லாம் சிரித்திருக்கிறாள்.

அந்த வாரமே மாரென் பிடிபட்டாள். பத்திரிகை வருவதும் நின்றது. விளம்பரம் கண்ணில் படவே இல்லை என்பதால், நிஸ்ஸை ஆறு கொண்டுபோய்விட்டது என்றே போடில் முடிவு கட்டினாள். பிறகு அஸ்முஸைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் தெரிந்துதான் அவனும் கட்டிக்கொண்டான். போருக்குப் பிறகு எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது. ஆறு வெறும் ஆறானது. பாலத்தில் சைக்கிள் மிதித்து எத்தனையோ தடவை வையென் சந்தைக்குப் போய்வந்திருக்கிறாள், பாவி.

இப்போது அதே பாலத்தைத் தாண்டி அங்குள்ள பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். பழைய இதழ்களைக் கட்டிவைத்திருந்தார்கள். அந்த விளம்பரம் சனிக்கிழமைதோறும் வந்திருந்தது. ஒரு வருஷம் போய் அடுத்த வருஷமும் வந்தது. போர் ஓய்வதற்கு ஒரு மாதம் முன்பு நின்றுபோயிருந்தது. அடுத்த இதழில், விஷக்காய்ச்சலில் செத்தவர்கள் பெயர்களுக்கு நடுவே நிஸ்ஸின் பெயர். உறவினர் யாருமில்லை என்று போட்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்காரர் பதிவைப் பார்த்துவிட்டுச் சங்கடமாக நெளிந்தார். "கேக்க ஆளில்லாத குழிய இருபத்தஞ்சு வருஷத்துல கலைச்சுடுவோம்மா. இப்ப அதுல வேற ஒருத்தர் இருக்கார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

போடில் அந்தக் குழி இருந்த இடத்துக்கு நடந்தாள். கொண்டுபோன பூவை யாரோ ஒருவருடைய கல்லில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அஸ்முஸ் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டு வைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அழுகை பீறிட்டது.

"என் கையாலயே ஒட்டி மூடினேன், அஸ்முஸ். பாத்திருந்தா போயிருப்பேன்."

"தெரியும்," என்றான் அவன். "காப்பியக் குடி. அந்தச் சுவரை அப்படியே விட்டுடுவோம்."

அந்தச் சனிக்கிழமை வையென் பத்திரிகையில், விற்பனைக்கு வந்த டிராக்டருக்கும் தொலைந்துபோன நாய்க்குட்டிக்கும் நடுவே ஒரு பொடி விளம்பரம் வந்தது.

"கறுப்பு மூஞ்சி ஆடு என்னுடையது. இப்போதுதான் பார்த்தேன். போடில், ஸ்கோட்போர்க்."