மாஸ்டர் கொடுத்த டச்

எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அவர் ரொம்ப நல்ல மனிதர் என்று என்னோடு படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர் எனக்குப் படம் வரையத்தானே கற்றுத் தந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் மீன் வரையச் சொன்னார். என்னிடம்! என் அம்மா சாந்தோமில் மீன் விற்கிறவள். நான் நடக்கப் பழகியதே மீன் கூடைகளுக்கு நடுவில்தான். சங்கரா மீனைப் போட்டேன். சிவப்பு உடம்பு, பிளந்த வாய், முதுகில் விறைத்து நிற்கும் முள். மாஸ்டர் வந்து, "தள்ளு" என்றார். என் பென்சிலை வாங்கி நாலே கோட்டில் வாயைச் சிரிக்க வைத்தார். கண்ணுக்கு இமைமுடி வைத்தார். மேலே நீலத்தை அடித்தார். அன்றைக்கு வகுப்பில் நாற்பது பேருடைய மீனும் ஒரே மீன்.

அம்மா நோட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சிரிச்சிக்கினு கீது?"

"மாஸ்டர் போட்டது."

"அப்ப கரெக்ட்டாதான் இருக்கும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விடியற்காலையிலிருந்து மீனோடு கிடப்பவள் சொன்ன பதில் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படிப் பிள்ளைகள் படத்தில் கை வைப்பதற்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் 'டச்'. "ஒரு டச் குடுத்தா போதும், எங்கயோ போயிடும்" என்பார். பள்ளிக் கண்காட்சிக்கு முன்னால் எல்லோருடைய படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு டச் கொடுப்பார். பெற்றோர்கள் வந்து பார்த்துப் பூரித்துப்போவார்கள். பிள்ளைகள் தங்கள் படம் எது என்று கீழே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு போட்டிக்காக எங்கள் குப்பத்துப் படகை வரைந்தேன். ஃபைபர் படகு, பின்னால் எஞ்சின், பக்கத்தில் குவிந்து கிடக்கும் பச்சை நைலான் வலை. மாஸ்டர் எஞ்சினை அழித்துவிட்டுப் பாய் கட்டினார். பின்னால் ஆரஞ்சு நிறத்தில் சூரியனை அஸ்தமிக்க வைத்தார். எங்கள் கடற்கரையில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாது. இது குப்பத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. அம்மா ஃப்ரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகள் போட்டது என்று பீற்றிக்கொண்டாள். நான் போடவில்லை என்று சொன்னேன்.

"உம்பேருதான போட்டுக்கீது? வாய மூடு."

ஒன்பதாம் வகுப்பில் டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்பில் அட்டவணையிலிருந்தே அது போய்விட்டது. யாரும் கேட்கவில்லை. யாராவது பெரிய மனிதர் பள்ளிக்கு வந்தால் மட்டும் வரவேற்பு சார்ட் எழுத என்னை வகுப்பிலிருந்து கூப்பிடுவார்கள். "நம்ம ஸ்கூல் ஆர்ட்டிஸ்ட்" என்று தலைமையாசிரியை முதுகில் தட்டிக்கொடுப்பார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஓவியக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. விண்ணப்பத்தோடு ஐந்து படங்கள் கேட்டார்கள். எல்லாம் சொந்தப் படைப்பு என்று பள்ளியின் சான்றிதழும் வேண்டும். பீரோவுக்கு மேலிருந்த பையை இறக்கிக் கொட்டினேன். இத்தனை வருடப் படங்களில் என் கை மட்டும் பட்ட படம் ஒன்றுகூட இல்லை. சரி, புதிதாக வரைவோம் என்று உட்கார்ந்தேன். பத்து நாள் வரைந்தேன். எதை வரைந்தாலும் கண்ணில் இமைமுடி முளைத்தது. அவர் பக்கத்திலேயே இல்லை, ஆனாலும் என் கை அவர் கையாகவே போயிற்று. அழுதுகொண்டே கிழித்தேன்.

கடைசியில் பழைய படங்களையே எடுத்துக்கொண்டு சான்றிதழுக்குப் போனேன். மாஸ்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இதுல எதுவும் நான் போட்டது இல்ல சார்."

"டச்தானேம்மா குடுத்தேன். இல்லன்னா உனக்கு ப்ரைஸ் கெடச்சிருக்குமா?"

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றிக்காக என் மேலேயே எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நுழைவுத் தேர்வில் ஒரு நடுத்தர வயது அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து வரையச் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைப் பார்த்து நான் அதுவரை வரைந்ததே இல்லை. மூக்கு வரவில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்துபோனது. அப்போது கண்காணிப்பாளர் வந்து என் பக்கத்தில் நின்றார். நான் பென்சிலை அவர் பக்கம் நீட்டிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பென்சிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கும்மா. நீயே போடு" என்றுவிட்டு நகர்ந்தார்.

வெட்கத்தில் காது எரிந்தது. முகம் முழுவதையும் அழித்தேன். அந்த அம்மாளை நேராகப் பார்த்தேன். அவருக்கு ஒரு கண் மற்றதைவிடச் சிறியது, முகத்தில் சலிப்பு, மூக்குத்தி போட்ட பக்கம் மூக்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்ததை இருந்தபடி போட்டேன். மணி அடித்தபோது ஒரு கை பாக்கி இருந்தது.

சீட் கிடைக்கவில்லை. அந்தப் படத்தையாவது கொடுங்கள் என்று கல்லூரிக்கு இரண்டு முறை நடந்தேன். விடைத்தாளைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் போட்ட ஒரே படம் அது.