கன்னம் வைக்கிறவர்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் முன் சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, டேஷ்போர்டில் காற்று வரும் துளையில் இடது கன்னத்தை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். இனி யாரும் பேசக் கூடாது. வண்டிக்காரர் இருமினால்கூட, ஒரு கை மட்டும் மேலே எழுந்து அடக்கும். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "கேஸெல்லாம் இருக்கு. காத்துதான் வர்ற வழியில எங்கயோ நின்னு கதை பேசிக்கிட்டிருக்கு" என்பார்.

பழைய கார்களுக்கு ஏசி பார்ப்பது அவர் தொழில். குளிரை அளக்கும் மானி ஒன்று மேஜைக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அவருக்குக் கன்னம் போதும். அதற்காகவே இடது கன்னத்தைத் தினமும் மழித்துவிடுவார். வலது கன்னம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும். "முடி இருந்தா காத்து பொய் சொல்லும்" என்பது அவர் கட்சி. பக்கத்து டயர் கடைக்காரர்தான் முதலில் அவருக்குக் 'கன்னம் வைக்கிறவர்' என்று பெயர் சூட்டினார். சுவரில் ஓட்டை போட்டுத் திருடுகிறவனுக்கும் அதே பெயர்தானே என்று இவர் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தார். இப்போது போனை எடுத்ததும் இவரே, "கன்னம்தான் பேசுறேன், சொல்லுங்க" என்கிறார்.

கன்னத்துக்கு இருக்கும் நுட்பம் கைக்கு இல்லை. பெரிய, தடித்த கைகள். சந்துபொந்துகளில் நுழையாது. அதனால் எந்த வண்டி வந்தாலும் டேஷ்போர்டை மொத்தமாகக் கழற்றிக் கீழே இறக்குவதுதான் அவர் முறை. "முழுசா கழட்டினாத்தான் முழுசா தெரியும்" என்று அதையே ஒரு கொள்கையாக்கி வைத்திருக்கிறார். வேலை நடக்கும்போது ஸ்க்ரூ எதுவும் காற்றுக் குழாய்க்குள் விழுந்துவிடாதபடி குழாய் வாயில் துணியை அடைத்து வைப்பார். துணிக்குப் பஞ்சமில்லை. மனைவி தன் பழைய நைட்டிகளைக் கிழித்து மூட்டையாகக் கொடுத்து அனுப்புகிறாள்.

வலது கை மோதிர விரலில் கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரம். இருபத்திரண்டு வருடத்தில் அதை ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை என்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். கிரீஸ் படிந்து அது என்ன உலோகம் என்றே தெரியாமல் போய்விட்டது. அதனால் என்ன, மரியாதை மரியாதைதான்.

இதை அவர் உரக்கச் சொல்வதற்குக் காரணம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஒரு ஏசி கடை. வைத்திருப்பவர் மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை. வேறெங்கோ தொழில் கற்று, வேறெங்கோ சம்பாதித்து, கடை போட மட்டும் இந்தத் தெருவுக்கு வந்தவர். ஒல்லியான ஆள், விரல்கள் அதைவிட ஒல்லி. எதையும் கழற்றாமல் ஏதாவதொரு துளை வழியாகக் கையை விட்டு, கூரையைப் பார்த்தபடியே உள்ளே வேலை பார்ப்பார். அவருக்கும் அதே மாமனார் அதே மாதிரி ஒரு மோதிரம் போட்டிருக்கிறார். வேலைக்கு இறங்குமுன் அதைக் கழற்றிச் சாவி மாட்டும் ஆணியில் தொங்க விடுவார். இவருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கெல்லாம் குளிர் ஏற்றிக் கொடுக்கிறவர் வயிறு எரிவதை யாரிடம் சொல்வது? எதிர்க்கடை தெரியாமல் இருக்கத்தான் வண்டிகளின் பானெட்டைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்கிறார். அந்தப் பானெட்டின் ஓரமாகத்தான் நாள் முழுக்க அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்கிறார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் வாய்க்கு முன்பே சகலை பேச்சு வந்துவிடும். "உங்களுக்குக் குழம்பு வைக்கவே வேணாங்க, அவரு பேரைச் சொன்னாலே உறைக்குது" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். இவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ள அவரிடம் ஒன்று இருந்தது. மாமனாரின் கார். பாலாடை நிறம், உருண்டை விளக்குகள், அக்காள் தங்கை இருவரும் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்த வண்டி. பின்னாளில் அதற்கு ஏசி பொருத்திக் கொடுத்தவர் இவர்தான். அதன் மேல் வேறு யாரும் கை வைத்ததில்லை. மூத்த மாப்பிள்ளை என்பதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அதுதான். மூன்று வருடத்துக்கு முன் காற்றாடி மோட்டார் மாற்ற டேஷ்போர்டை இறக்கினார். ஏற்றும்போது மரப் பலகையில் ஒரு கீறல் விழுந்தது. அதோடு, இடது பக்கத் துளையில், மாமியார் உட்காரும் பக்கத்தில், காற்று வருவதும் நின்றுபோனது. கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து வண்டி அத்தை, இவ்ளோதான் வரும்" என்று தீர்ப்புச் சொன்னார். மாமியார் அன்றிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு பயணம் செய்தார். மூன்று கோடை அப்படிப் போனது.

இந்தக் கோடையில் மாமனார் கேட்டபோது, மறுபடியும் டேஷ்போர்டை இறக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார் இவர். மாமனார் அந்தக் கீறலை ஒரு விரலால் தடவிவிட்டு, சரி பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை காலை பானெட்டின் ஓரமாகப் பார்த்தால் பாலாடை நிற வண்டி எதிர்க்கடையில் நிற்கிறது.

மூன்று நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. யாருடைய வண்டியிலோ கன்னத்தை வைத்தார், கண் மூடவில்லை. கண் முழுக்க எதிரே. சகலை டேஷ்போர்டைத் தொடவே இல்லை. முன்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் தோள் வரை கையை விட்டுக் கிடந்தார். கேஸ் ஒழுகட்டும், ஏதாவது முறியட்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் கடைக்கே வரட்டும் என்று இவர் மனசார வேண்டினார். அந்த வண்டியின் ஏசிக்கு இவர் பெற்ற தகப்பன் மாதிரி. இருந்தும் வேண்டினார்.

வியாழக்கிழமை மதியம் வண்டி வரவே செய்தது. தள்ளிக்கொண்டு அல்ல, சகலையே ஓட்டிக்கொண்டு. இறங்கியவர் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைக்குள் சுருட்டி வைத்திருந்ததை இவர் மேஜை மேல் வைத்தார். ஊதாப் பூப்போட்ட துணி, தூசி ஏறிக் கனத்துப் போயிருந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காளும் தங்கையும் ஒரே கடையில் ஒரே துணியில் எடுத்த நைட்டி. இது மூத்தவளுடையது, கிழிந்து இங்கே வந்தது. இளையவள் வீட்டில் அது இன்னும் கொடியில் காய்கிறது.

"இடது பக்கக் குழாய்ல இருந்துச்சுண்ணே" என்றார் சகலை. "மாமாகிட்ட குழாய் மடங்கியிருந்துச்சுன்னு சொல்லிட்டேன். வீட்லயும் சொல்லல."

தெருவே கேட்கும்படி அந்த ஆள் சிரித்திருந்தால் இவர் தாங்கியிருப்பார். திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது?

"அஞ்சு மணிக்கு மாமா வந்து எடுத்துக்குவாரு. நீங்க ஒரு தடவை கன்னம் வச்சுப் பாத்துட்டீங்கன்னா எனக்குத் திருப்தி. அந்தப் பெட்டியை இன்னும் மாட்டல, பின்சீட்ல இருக்கு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுச் சகலை தெருவைக் கடந்து போனார். முழங்கை வரை தகரம் கீறிய சிவப்புக் கோடுகள் இருந்ததை இவர் பார்த்தார். அதற்கும் பொறாமையாக இருந்தது.

எஞ்சினைக் கிளப்பி இடது துளையில் கன்னத்தை வைத்தார். குறை தேடித்தான் வைத்தார். குளிர்ந்த காற்று மூன்று வருடத்துக்கும் சேர்த்து அடித்தது. வாடை இல்லை, சத்தம் இல்லை, விட்டுவிட்டு வரவில்லை. கன்னம் மரத்துப் போகும் வரை அப்படியே இருந்தார். வெளியே நின்ற டயர் கடைக்காரர் எப்படி என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

எஞ்சினை நிறுத்தினார். டயர் கடைக்காரர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு பெட்டி இருந்த துளைக்குள் தன் வலது கையை விட்டார். விரல்கள் போயின, உள்ளங்கை பாதி போனது, மோதிரம் தகரத்தில் இடித்து நின்றது. கையைக் குவித்தார், திருப்பினார், கூரையைப் பார்த்தபடி முயன்றார். மோதிரம்தான் மறுபடியும் இடித்தது.

குழாயடிக்குப் போய் விரல் நிறையச் சோப்பு போட்டார். மோதிரம் லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திருகி இழுத்தார். வந்தது. அது இருந்த இடத்தில் வெளுத்த வளையம் ஒன்று பச்சைப் பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். வண்டிக்கு வந்து மண்டியிட்டு, ஈரக் கையை மறுபடியும் அந்தத் துளைக்குள் விட்டார்.