என் வீட்டு ஒலிப்பதிவு அறை

மலாக்காவின் காஜா பேராங்கில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர். வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து வானொலி நிலையத்துக்கு அனுப்பி, அதைக் காற்றில் ஏறவும் வைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ரேடியோ நல்லையா என்று கேட்டால் இன்றைக்கும் என் வீட்டைக் காட்டுவார்கள்.

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி தூக்கினேன். பிறகு தெங்கேராவில் ஒரு சீனர் ரேடியோ கடைக்குத் தரை கூட்ட வந்தேன். கூட்டிக்கொண்டே ஈயம் பற்றவைக்கக் கற்றேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கண் பார்த்தது, கை செய்தது. முப்பது வயதுக்குள் சொந்தக் கடை போட்டுவிட்டேன்.

நாடு சுதந்திரம் அடைந்த வருடம், ஊருக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை ஒருவர் ஓடாத டேப் ரெக்கார்டர் ஒன்றை என் கடையில் விட்டுப் போனார். ஓடவைத்தால் நீயே வைத்துக்கொள் என்றார். ஓடவைத்தேன்.

அந்தச் சமயம்தான், தீபாவளி நிகழ்ச்சிக்கு நேயர்கள் பாடி, நாடாவில் பதிந்து அனுப்பலாம் என்று வானொலியில் சொன்னார்கள். என் மனைவி பூங்காவனம் கோயில் பஜனையில் பாடுகிறவள். முருகன்மேல் தானே பாட்டுக் கட்டுவாள். அந்த அறிவிப்பைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அண்ணன் பொன்னுதுரைக்கோ சிரிப்பு.

“என்னா மாப்பிள்ள, ரேடியோவத் தொறந்து மூடுற ஆளு, இப்ப ஸ்டேஷனே நடத்தப் போறீங்களா?”

“காதக் கழுவிட்டு வாங்க மச்சான். பாட்டு அதுவா வரும்.”

கருவி மட்டும் நன்றாக இருந்தால் போதாது, வீடும் அதற்கு ஒத்துவர வேண்டும். அதை நானாகவே கண்டுபிடித்தேன். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கெரிந்தால் எங்கள் வீட்டு மின்சாரம் இறங்கும், நாடா தூங்கி வழியும். அதனால் பதிவு மத்தியானத்தில்தான் என்று முடிவு செய்தேன். கருவியின் மோட்டார் சத்தம் மைக்கில் விழாதபடி பலகைச் சுவரில் துளை போட்டு, வயரை இழுத்துக் கருவியை அடுப்படியில் வைத்தேன். பலகைத் தரையில் யாராவது நடந்தால் மைக் அதிரும். உத்தரத்து ஸ்பிரிங்கில் தொங்கிய பிள்ளையின் சாரோங் துணித் தொட்டிலைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்பிரிங்கிலேயே மைக்கைத் தொங்கவிட்டேன். யானை நடந்தாலும் அசையாது. குரல் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. எங்கள் மெத்தை போதாமல், கம்போங் செட்டியிலிருந்த, வீட்டிலும் மலாயே பேசும் நண்பர் விநாயகத்திடம் கேட்டேன். என்ன ஏது என்று கேட்காமல், “அம்பிக் லா, அம்பிக்!”, எடுத்துக்கோ என்று மலாயில் சொல்லி இரண்டு மெத்தைகளைத் தூக்கிக் கொடுத்தார்.

“மெத்தையெல்லாம் செவத்துல இருக்கு. நீங்களும் இனிமே செவத்துலயே படுத்துக்கங்க” என்றாள் பூங்காவனம்.

பல்லவியை மட்டும் பாடச் சொல்லிச் சோதித்தேன். வெண்கல மணி மாதிரி வந்தது. அடுத்து ஆயுத பூஜை வந்துவிட்டதால், அது முடிந்தபின் முழுப் பாட்டையும் பதியலாம் என்று விட்டுவிட்டேன்.

பூஜைக்கு மறுநாள் மத்தியானம் பாடினாள். விடிந்தால் காலை கோலாலம்பூர் பஸ்ஸில் நாடா போயாக வேண்டும். அதைவிட்டால் நிலையம் சொன்ன கெடு தாண்டிவிடும். பொன்னுதுரையும் வந்து உட்கார்ந்திருந்தார். நாடாவைத் திருப்பிப் போட்டேன். தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடியதுபோல் இருந்தது.

“தங்கச்சி என்னா, தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பாடுதா?” என்றார் அவர்.

மெத்தைகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாடச் சொன்னேன். அப்படியே இருந்தது. மைக்கை மாற்றினேன். அதே கதைதான். பூங்காவனத்தின் கண் நிறைந்துவிட்டது.

“ஏங்க, என் கொரலே போயிருச்சாங்க?”

எனக்கு அந்தக் கேள்வி பொறுக்கவில்லை. அவள் குரல் போகவில்லை என்று அவளுக்குக் காட்ட, பூஜைக்கு முன்னால் பதிந்த பல்லவியை எடுத்துப் போட்டேன். வெண்கல மணியாக ஒலித்த அதே பல்லவியும் இப்போது பொத்திக்கொண்டு வந்தது!

நான் சிரித்துவிட்டேன். பொன்னுதுரை என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

“கொரலு நல்லாத்தான் இருக்கு, புள்ள. பழைய பாட்டே இப்பிடிப் பாடுதுன்னா, கோளாறு பெட்டியிலதான்.”

மேல் மூடியைத் திறந்தேன். நாடா உரசிக்கொண்டு ஓடும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் கட்டி உண்டு. குரலைப் பிடிப்பதும் அதுதான், திருப்பிக் கொடுப்பதும் அதுதான். அதன் நெற்றியில் அழகாக, வட்டமாக, காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

“இங்கயா பொட்டு வச்ச?”

“கொறடுக்கு வச்சேன், சுத்தியலுக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா கோவிச்சுக்காதா? மூடியில வச்சா அழிஞ்சிரும்னு உள்ளார வச்சேன்.”

பொன்னுதுரைக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான் அவளைத் திட்டவில்லை. என் தொழிலை மதித்து வைத்த பொட்டு அது. சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவளுடைய ஓடிகொலோன் வாசனைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்தேன். வீடே கல்யாண வீடாக மணத்தது. பல்லவியை மறுபடி போட்டேன். மணி ஒலித்தது. மெத்தைகளைத் திரும்பச் சுவரில் மாட்டினேன். பூங்காவனம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மெத்தைகளுக்கு நடுவே நின்று, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள்.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு தெருவே எங்கள் வீட்டில் நின்றது. விநாயகம் குடும்பத்தோடு வந்திருந்தார். “மலாக்காவிலிருந்து திருமதி பூங்காவனம்” என்று அறிவித்தார்கள். பாட்டு வந்தது. ஓர் உறுமல் இல்லை, ஓர் இரைச்சல் இல்லை. பொன்னுதுரை வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் கேட்டார். முடிந்ததும், “மாப்பிள்ள, ஸ்டேஷன்காரங்க மிஷினுகூட இவ்வளவு சுத்தமா பாடாதுய்யா” என்றார். நான் மறுக்கவில்லை.

பூங்காவனம் பெட்டியருகே நின்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்த காட்சிகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

ஒரே குறை. பாடியவர் பெயரைச் சொன்னார்கள். ஒலிப்பதிவு யார் என்று சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ஒலிப்பதிவு, காஜா பேராங் நல்லையா.