தரைத்தளத்துக்காக நான் போட்ட சண்டை

நேற்று ஒரு கூட்டத்தில் என்னை மேற்கோள் காட்டினார்கள்.

பெயர் சொல்லவில்லை. நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைப் படித்தார்கள். அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

(இதையும் ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்துகொண்டேதான் டைப் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

விஷயம் தொண்ணூறுகளில் ஆரம்பித்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. மயிலாப்பூரில் வீடு, அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை.

ஆற்றங்கரையில் பன்னிரண்டு நரிக்குறவர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. பாசிமணி விற்றுப் பிழைப்பவர்கள். மழைக்கு முன்னால் அவர்களுக்கு வீடு கொடுத்துவிட வேண்டும் என்று அரசாங்கமும் நாங்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தோம்.

மாதம் ஒரு கூட்டம். டீ, பிஸ்கட், தீர்மானம். மினிட்ஸ் எழுதுவது நான்.

குழுவில் ஒன்பது பேர். அதில் நரிக்குறவர் ஒருவர்கூட இல்லை. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை, என் கண் உட்பட.

பெருங்குடிப் பக்கம் மூன்று தளக் குடியிருப்பு ஒன்று தயாரானது. அங்கே வீட்டுக்குப் பதிந்திருந்த மற்றவர்கள் எல்லோருமே கேட்டது தரைத்தளம்தான். மேலே தண்ணீர் ஏறாது, அடிபம்பில் அடித்துக் குடம் குடமாகத் தூக்க வேண்டும்.

நான் விடவில்லை. "சார், மூட்டை முடிச்சோட வர்றவங்க. இவங்களுக்குத்தான் சார் கிரவுண்ட் ஃப்ளோர் தரணும்." மூன்று கூட்டம் முரண்டு பிடித்ததில் வீடு ஒதுக்கும் அதிகாரி இறங்கி வந்தார். பன்னிரண்டும் தரைத்தளம்.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாவி வாங்க ஒருவரும் வரவில்லை.

பதினைந்து நாள் கெடு வைத்து ஆள் அனுப்பினோம். அவர்களுக்காக முன்னால் நின்று பேசுபவர் கங்கா என்ற அம்மாள். 'அந்த வீடு ஒத்துக்காது' என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதிகாரி சிரித்தார். "பாத்தீங்களாம்மா? சுத்துன காலு ஒரு எடத்துல நிக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, கங்கா மேல். இவ்வளவு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாரே என்ற ஆத்திரம். அதே ஆத்திரத்தோடு மினிட்ஸில் எழுதினேன்: 'இம்மக்களுக்கு ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் விருப்பம் இல்லை.'

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வீடுகள் பட்டியலில் அடுத்து இருந்தவர்களுக்குப் போயின.

அந்த ஞாயிறு சாயந்திரம் பெசன்ட் நகர் மாதா கோயில் பக்கம் கங்கா கடை விரித்திருந்தார். பார்க்காத மாதிரி போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை, எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

கங்கா மணி கோப்பதை நிறுத்தவில்லை. "வூட்டுல சாமி மூட்டை கீதும்மா. எங்க பொம்பளைங்களே அதத் தொட மாட்டோம், பாவாடை படக்கூடாது. அதுக்கு மேல ரெண்டு மாடியிலயும் பொம்பளைங்க நடந்துகினு இருந்தா சாமிய எங்க வைக்கிறது?"

"அப்போ எந்த வீடுதான் ஒத்துக்கும்?"

"உச்சில கீதே, அது. தலைக்கு மேல யாரும் இல்ல."

"அங்க தண்ணி தூக்கணுமே."

"ஊரு ஊரா மூட்டை தூக்குறவளுக்குக் கொடம் ஒரு கனமா?"

யாருமே சீந்தாத மேல்தளம். வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ வந்து குந்திகினு கேட்டது இன்னிக்குத்தானம்மா."

திங்கள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே, மேல்தளம் கேட்டு வாசலில் நின்றேன். அதிகாரி ஃபைலைத் திறக்கவே இல்லை. "கையெழுத்தாயிடுச்சும்மா. நீங்க எழுதுனதுதானே?"

அந்த ஐப்பசியில் ஆறு கரை ஏறியது. பன்னிரண்டு குடும்பங்களும் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டிக்கொண்டன. பார்க்கப் போனேன். கங்கா திட்டவில்லை, நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இனி நேற்றைய கூட்டம். அதே மக்கள், புதிய குழு, ஏசி ரூம். ஓர் இளம் அதிகாரி பழைய கோப்பிலிருந்து வாசித்தார். 'ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் விருப்பம் இல்லை.' கூடவே, "ஃபீல்டுல வேலை பாத்தவங்களே அப்பவே எழுதியிருக்காங்க" என்று ஒரு விளக்கம் வேறு.

எழுந்து நின்றேன். "அத எழுதினது நான்தான்."

"அப்படியா மேடம்? எங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு."

"அது தப்பு. எடுத்துடுங்க."

"ரெக்கார்டு மேடம். அதெல்லாம் எடுக்க முடியாது."

கங்கா குடும்பத்தை இதுவரை எத்தனை இடத்திலிருந்து கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வாக்கியத்தை மட்டும் யாரும் கிளப்பவில்லை.

அதைக் காலி செய்ய யாரிடம் மனு கொடுப்பது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.